மறைத்த லாரி

சூளகிரி ஏற்றத்தில் ராஜப்பனின் புதுக் கார் படுத்துவிட்டது என்று கேட்டதும் சென்னகிருஷ்ணனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இரண்டு பேரும் ஒன்றாக லாரி ஓட்டியவர்கள். அவன் கார் வாங்கிய நாளிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"கிருஷ்ணகிரி ஒர்க்‌ஷாப்புக்கு நானே இழுத்தாந்து உடறேன்" என்று வலியப் போய் நின்றான். ஒரு கட்டைவண்டியின் அச்சில் பலகை போட்டு, காரின் முன்சக்கரங்களை அதன்மேல் தூக்கிக் கட்டி, தன் லாரிக்குப் பின்னால் மாட்டினான்.

வழியில் சொந்த ஊரான குருபரப்பள்ளி வந்ததும் வேண்டுமென்றே ஊர்ந்தான். ஊர் சிரிக்கட்டும். அந்தக் காரையே பேசிப் பேசி உயிரை எடுக்கும் பெண்டாட்டி ருக்மணியும் பார்க்கட்டும்.

சனம் கூடியது, சிரிக்கத்தான் இல்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்த காருக்குள்ளிருந்து ராஜப்பன் இருபுறமும் கும்பிட்டான்.

"சாமி பொறப்பாடு மாதிரி இருக்குதுடா!" என்றார் ஒருவர்.

சென்னகிருஷ்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் வீட்டெதிரில் லாரியை நிறுத்தி ஹாரனை அழுத்தினான். ஓடிவந்த ருக்மணி குதிகாலைத் தூக்கி எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, லாரிய கொஞ்சம் முன்னால எடுங்க! காரு தெரியாம மறைக்குது!"