சிவப்பாகிப் போன ஆறு ஹெக்டேர்

பொறியாளர் பெஹ்ராங் மண்வள வரைபடத்தைக் காரின் முகப்பில் விரித்துப் பிடித்துக்கொண்டார். கரூன் ஆற்றோரத்தில் பக்கத்து நிலங்களெல்லாம் பச்சை. விவசாயி மிஸ்அலின் ஆறு ஹெக்டேர் மட்டும் சிவப்பு.

"சிவப்புன்னா வாய்க்கால், தெளிப்பு, சொட்டு, மூணு பாசனத்துக்குமே லாயக்கில்லன்னு அர்த்தம், ஹாஜி."

"நான் மக்காவுக்கே போனதில்ல. ஹாஜியாம்!" என்றான் மிஸ்அல்.

வெள்ளம் வந்த வருடம் அளவைக்காரர்கள் வந்தபோது, நிவாரணத்துக்குச் சேதக் கணக்கு எடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று மிஸ்அல் நினைத்துவிட்டான். தேநீர் கொடுத்து, நாணல் ஓரத்து உப்பு மூலைக்கு நேரே கூட்டிப்போனான். மூன்று குழியும் அங்கேதான் தோண்டினார்கள். அந்த மூன்று புள்ளிகளை வைத்துக் கணினி வயல் முழுவதற்கும் சாயம் பூசியது. அதன்பின் அவன் பக்கத்து மதகு திறக்கவே இல்லை. இரண்டு வருடம் மனுப் போட்டு, இன்றுதான் மறு சோதனை. நிறம் மாறினால் அடுத்த மாதம் தண்ணீர்.

வாசலிலிருந்து அவன் மனைவி சப்ரியா சொன்னாள்: "வீட்டுக்கு வந்தவங்களுக்கு இருக்கிறதுலயே நல்லதக் காட்டுவாங்க. இந்த மனுஷன் உப்பக் காட்டினாரு."

"இன்னிக்கு நல்லதக் காட்டுறேன், நீ சும்மா இரு."

தண்ணீர் பாய்ந்த நாளில் கோதுமை இடுப்பளவு நின்ற நடுவயலுக்குக் கூட்டிப்போனான். துளைக்கருவி ஒரு சாண் இறங்கியதும் பழுப்பு மண் வந்தது. முழ ஆழத்தில் உப்பு வெள்ளை நூல் நூலாக வந்தது. பெஹ்ராங் மண்ணை நீரில் கலக்கி, உப்புமானியை முக்கிப் பார்த்தார்; எண் சிவப்புக்கான எல்லையைத் தாண்டி நின்றது. இருபது தப்படி தள்ளி மறுபடி தோண்டினார். அதே எண்.

"அன்னிக்கே இங்க தோண்டியிருந்தா?"

"பச்சை வந்திருக்கும். மேல தண்ணி பாயுற வரைக்கும்தான் அடியில இருக்கிற உப்புத்தண்ணி கீழ கிடக்கும். ரெண்டு வருஷம் காயப்போட்டதுல ஏறிடுச்சு."

"அப்ப படம் தப்பு."

"அன்னிக்குத் தப்பு. இன்னிக்குச் சரி."

மிஸ்அலுக்குக் கோபம் வரும்போலிருந்தது. வரவில்லை. குழி மண்ணைக் கிள்ளி, நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தான்.

"என்ன கலர் வந்துச்சு?" சப்ரியா கத்தினாள்.

"பழைய கலர்தான்."

எருமைகள் கால் இடறாமலிருக்க இரண்டு குழியையும் காலால் தள்ளி மூடினான். பிறகு, தேநீர் ஆறிவிடும் என்று பொறியாளரை வீட்டுக்குக் கூப்பிட்டான்.