மச்சான் தந்த உத்தரம்

தையற்காரர் வீட்டுக் கூரை உத்தரம், போட்ட மூன்றாம் ஆண்டு மழை தொடங்கிய வாரத்தில் துளிர்த்தது. துளிர் என்றால் அகன்ற இலை அல்ல, ஊசியிலை. நீளமாக, கொத்துக்கு மூன்றாகச் சோற்றுத் தட்டில் உதிர்ந்தது. அறுத்துப் போட்ட மரம் துளிர்ப்பதைத் தெரு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேவதாரு என்று வந்த மரத்தில் இப்படிப் பைன் ஊசி முளைத்ததைத்தான் பேசினார்கள்.

மரத்தைத் தந்தவர் மனைவியின் அண்ணன், மரக்கடைக்காரர். தேவதாருவில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு, கரையான் அண்டாது; கூரையைத் தாங்க அதைப் போடுவது அதனால்தான். பைன் பெட்டி அடிக்க ஆகும், உள்பலகைக்கு ஆகும். மருந்தேற்றாமல் தலைக்கு மேலே வைத்தால் கரையானுக்குப் பந்தி விரித்த மாதிரி. எது எதுவென்று அறிய ஒரு சீவு சீவி மோந்தால் போதும். மரம் வந்த அன்றே தையற்காரர் உளியை எடுத்தார். அண்ணன் கொடுத்ததைச் சீவிப் பார்ப்பது மரியாதையா என்று மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டாள். சீவாமல் மோந்தார். மேலே தேவதாருத் தைலம் தேய்த்திருந்தது.

தைல வாசம் முதல் மழையோடு போயிற்று. கரையானுக்கு மரியாதை தெரியாது, சுவரேறி வந்தது. பின்னால் பிறந்து தொட்டிலில் கிடந்த குழந்தைமேலும் மரப்பொடி கொட்டியது. "உங்கண்ணன் குடுத்த தேவதாரு பவுடர் போட்டுவிடுது பாரு" என்பார் கணவர். எங்கண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பாள் அவள். மூன்று ஆண்டும் இதுதான் வீட்டுப் பேச்சு.

துளிர்த்ததும் அண்ணனை வரவழைத்தார்கள். அண்ணாந்து பார்த்தார். தேவதாருவில் இப்படியும் ஒரு வகை உண்டு என்றார். டீ கேட்டார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிளை ஒன்று நீண்டு கூரை ஓட்டைத் தள்ளியது. ஓடு தொட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து உடைந்தது.

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பைன்தாண்ணே இது. ஏமாத்தினதுதான் ஏமாத்தின, என் புள்ள தலைக்கு மேலயா ஏமாத்துவ?"

இந்த வார்த்தைக்கு மூன்று ஆண்டு காத்திருந்த கணவர், அது கிடைத்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார். அண்ணன் டீயைக் குடித்து முடித்துத்தான் கிளம்பினார். அந்த வகையில் பதற்றமில்லாத மனிதர்.

உத்தரத்தை மாற்ற வந்த தச்சர் சீவினார், பச்சைப் பிசின் வடிந்தது. கரையான் பிசினில் ஒட்டிச் செத்துக் கிடந்தது. வேர் சுவருக்குள் இறங்கிக் கூரையை இறுக்கிப் பிடித்திருந்தது. இனி இது விழாது, விட்டுவிடுங்கள் என்று தச்சர் போய்விட்டார்.

மரக்கடையில் இப்போது 'துளிர்க்கும் தேவதாரு' என்று பலகை தொங்குகிறது, வாங்கவும் ஆள் இருக்கிறது. அண்ணன் தங்கையைப் பார்க்க வருகிறார், டீயும் கிடைக்கிறது. மழைக்கு மழை கணவர் கிளைகளைக் கழிக்கிறார். வாசலுக்கு நேரே தொங்குவதை மட்டும் அவள் வெட்ட விடுவதில்லை. அண்ணன் தலை குனிந்துதான் உள்ளே வருகிறார்.