பதினேழாவது ஆள்

லட்சக்கணக்கான அணுக்களை ஓயவிடாமல் லேசரால் சீண்டிக்கொண்டே இருந்தால், எந்த அளவில் அவை அத்தனையும் ஒன்றாகக் குணம் மாறும் என்பது என் ஆராய்ச்சி. நான்கு வருடமாகக் கணினி ஓடுகிறது. அந்த அளவு மட்டும் வந்தபாடில்லை.

விடுமுறைக்குச் சொந்த ஊரான போடிக்கு வந்திருந்தேன். மலையில் இருக்கும் சித்தியைப் பார்க்க, ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களின் ஜீப்பில் நெருக்கி ஏறினேன். ஏற்கெனவே பதினாறு பேர், ஒருத்தி மடியில் ஒருத்தியாக இருந்தார்கள்.

“என்ன சோலி பார்க்குற தங்கச்சி?” என்றார் ஓட்டுநர் லிங்கேஸ்வரன். சொன்னேன்.

“யாரும் சொல்லாம எல்லாம் ஒண்ணா எப்பிடி மாறும்?” என்று சிரித்தார்.

வண்டி கிளம்பும் முன்பே பதினாறு பேரும் தூக்குவாளிகளோடு இறங்கினார்கள். யாரும் யாரிடமும் எதுவும் பேசவில்லை. காரணம் நான்தான் என்று புரிந்து நானும் இறங்கினேன்.

“அந்தப் புள்ள எறங்கிருச்சுல்ல? பழையபடி பதினாறுதான். வெரசா ஏறுங்க ஆத்தா!” என்றார் லிங்கேஸ்வரன்.

“வண்டிக்குப் பன்னெண்டு பேருன்னா ஏறுறோம்ண்ணே,” என்றார் அவர்களில் ஒருவரான பாண்டீஸ்வரி. மற்றவர்கள் அசையவில்லை.

லிங்கேஸ்வரன் என்னைப் பார்த்தார்.

சீண்டலைப் பழைய அளவுக்குக் குறைத்தாலும் அணுக்களின் பழைய நிலை திரும்பாது என்று என் ஆய்வேட்டின் மூன்றாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்.