கிழிந்திருந்த ஆறு தாள்கள்

ஞாயிறு ஆராதனை முடிந்து ஒச்சப்பனின் அறையில் கூடியவர்கள் நான்கு பேர். அங்கிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில், ஜன்னலை ஒட்டி உபதேசியார் ஞானசிகாமணி. நிலைப்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே போட்டு, கன்டெய்னர் லாரி ஓட்டும் மாரிச்செல்வம். வாசலை ஒட்டி, மாடிப்படியின் மேல் படியில் ஜுமைலா. அவள் சபைக்காரி அல்ல, ஆனால் வீடு அவளுடையது. கட்டிலின் கால்மாட்டில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் வசந்தி. கட்டிலில் ஒச்சப்பன், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார்.

மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டை இறக்கும்போது லாரியிலிருந்து விழுந்த மனிதர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் ஏழு மாதம். ஜுமைலா வேளைக்குக் கஞ்சி கொண்டுவந்து கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் கடைக்கு ஓடுவாள். கழுவுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் தமிழ்ச் சபையார் பொறுப்பு. வேலைக்கு நடுவே யாருக்கு எப்போது ஒழிகிறதோ அவர் வருவார். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் தொங்கும் வசனக் காலண்டரில் அன்றைய தாளை, அன்று அவரைக் கழுவியவர் கிழித்து, வாசித்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும். தாள் கிழிந்திருந்தால் அடுத்து வருகிறவர் வாசலோடு திரும்பிவிடலாம்.

நேற்று, வீடு வீடாக வரும் நர்ஸ் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். படுக்கைப் புண் எலும்புவரை போயிருந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், ராப்பகல் கூட இருக்க ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் இந்த மாதம் தாண்டாது என்று சொல்லிப் போய்விட்டாள்.

"திங்கக்கிழமை நான் வந்தேன். தாள் கிழிஞ்சிருந்துச்சு," என்றான் மாரிச்செல்வம்.

"நான் செவ்வாயும் வியாழனும் வந்தேன், கிழிந்துதான் இருந்தது," என்றார் உபதேசியார். ஜுமைலா பக்கம் திரும்பினார். "இத்தா, நீங்க தெரியாம..."

"படச்சவனே! எனக்கு எந்துக்கு உங்க தாளு?" ஜுமைலா எழுந்தே விட்டாள். "வந்தீங்க, தாளப் பாத்தீங்க, போனீங்க. தாளையா குளிப்பாட்ட வந்தீங்க? கீழ கருவாட்டுக் கிடங்கு, அந்த நாத்தம்னு நான் இருந்துட்டேன். உங்களுக்குக் கண்ணு இல்லையா?"

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பிள்ளைய வையாதீக. நாந்தேன்."

தலையணைக்கு அடியில் கைவிட்டு எடுத்து நீட்டினார். ஆறு தாள்கள்.

"ஏன் அண்ணாச்சி?" வசந்தி தாள்களை வாங்கிக்கொண்டாள்.

"போன வாரம் வாசல்ல நின்னு எறால் கம்பெனிக்காரன்ட்ட போன்ல கெஞ்சுனேல்ல தாயி? அரை மணி நேரம், அரை மணி நேரம்னு. கேட்டுக்கிட்டுத்தேன் கெடந்தேன். என் மக வயசு உனக்கு. என் பீயை அள்ளிட்டு, அவன்ட்ட பேச்சும் வாங்கணுமா? போதும்னு இருந்துச்சு."

வசந்திக்குப் புதன்கிழமை நினைவு வந்தது. அவளும் வாசலில் நின்றாள். கிழிந்த தாளைப் பார்த்தாள். கருவாட்டையும் மீறி ஒரு வாடை மூக்கில் ஏறியது. ஏறியும், 'அப்பாடா' என்று மனசு சொன்னது. கட்டிலில் கிடந்த முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிச் சுள்ளிக்கல் இறால் கம்பெனிக்குப் பஸ் பிடித்தாள். அவர் ஏமாற்றவில்லை. அவள்தான் ஏமாறத் தயாராக இருந்தாள்.

"ஆஸ்பத்திரியில் யார் இருப்பது?" என்றார் உபதேசியார். மாரிச்செல்வத்துக்கு இன்று சாயங்காலம் வல்லார்பாடம் துறைமுகத்திலிருந்து மதுரைக்கு லோடு. உபதேசியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவர் கைகளைக் கோத்தார், ஜெபம் வரவில்லை. பிரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

வசந்தி கட்டிலைச் சுற்றிப் போய் ஒச்சப்பனின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். ஏழு மாதத்தில் யாரும் அங்கே உட்கார்ந்ததில்லை.

"அண்ணாச்சி, உங்களுக்கு என்ன வேணும்? நாங்க கேக்கவே இல்லையே."

அவர் அவளைப் பார்த்துச் சொன்னார். "பாண்டிச்செல்விய ஒருக்காப் பாக்கணும். பன்னெண்டு வருசமாச்சு, விட்டுட்டு வந்து. வரமாட்டா."

மகளின் போன் நம்பர் அவரிடம் இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்து விலாசம் மட்டும் மனப்பாடமாக இருந்தது. நால்வரும் சேர்ந்து அவரைப் புரட்டிக் கழுவினார்கள். கையைத் துடைத்துக்கொண்டு வசந்தி எழுதினாள்.

'சகோதரி பாண்டிச்செல்விக்கு. உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார். அதிக நாள் இருப்பார் என்று சொல்ல முடியாது. அவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன நாங்கள் ஆறு நாள் அவரைக் கழுவவில்லை. தப்பு எங்களுடையது. இன்று ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். நீங்கள் வரும்வரை கூட நான் இருக்கிறேன். வேலை போனாலும் இருப்பேன். ஆனால் எத்தனை நாள் தாங்குவேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். வாருங்கள்.'

வாசித்துக் காட்டினாள். ஒச்சப்பன் கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தார்.

உறையில் பசை காய்ந்து போயிருந்தது. காலையில் அவர் மிச்சம் வைத்த கஞ்சியிலிருந்து நாலு பருக்கையை எடுத்து, நசுக்கித் தேய்த்து ஒட்டினாள்.

"மதுரைக்குப் போறப்ப நேர்ல கொடுத்துருங்க அண்ணே. வாங்கலைன்னா படியிலயாவது வச்சிட்டு வாங்க."

மாரிச்செல்வம் உறையைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை அழுத்திப் பிடித்தபடி படியிறங்கினான்.