பொம்மை லேத்

விடியும் முன்பே எங்கள் பட்டறையில் எண்ணெய்ப் புகை எழுந்துவிடும். ஆறு பேர் ஆறு லேத்தின் முன் குனிந்து நின்று, சுழலும் இரும்புத் தண்டை உளியால் சீவிப் பம்பு ஷாஃப்ட் கடைவோம். கொதிக்கும் இரும்புச் சீவல் தெறித்துச் சட்டைக்குள் இறங்கும். தட்டிவிட நேரமில்லை, அது தானாக ஆறிக்கொள்ளும், நாங்களும் அப்படித்தான்.

முன்பு இருந்தவை தொழிற்சாலை லேத்துகள். முதலாளி அவற்றை விற்றுவிட்டார். கடைசி லேத்தை ஏற்றிய லாரி நகர்ந்ததும் கட்டிடம் ஒரு சாண் மேலே எழும்பிவிட்டது. நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. மூடிய கதவுக்கு அடியில் இப்போது பூனை போய்வருகிறது.

பதிலுக்கு வந்தவை அட்டைப்பெட்டியில் வந்தன. பெட்டியின் மேல் ஒரு படம்: இஸ்திரி போட்ட சட்டைக்காரர் பித்தளையில் சதுரங்கக் காய் கடைந்துவிட்டுச் சிரிக்கிறார். விடுமுறையில் வீட்டில் வைத்து விளையாட நல்ல மெஷின்தான். எஃகை ஆழமாக வெட்டினால் மட்டும் மேசைமேல் நடக்க ஆரம்பிக்கும். ஒருநாள் என்னுடையது வாசல்வரை போய்விட்டது. கெஞ்சித்தான் திரும்பக் கூட்டிவந்தேன்.

மெஷின் சுருங்கியது, முதலாளி கேட்ட ஷாஃப்ட் எண்ணிக்கை சுருங்கவில்லை.

எங்கள் ஆறு பேரில் நெட்டையனுக்குத்தான் அடி விழுந்தது. கடைசல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெட்டு சரியாகப் போகிறதா என்று இடது உள்ளங்கையை மெஷினின் தலைமேல் வைத்துப் பார்ப்போம். அதிர்வு கைக்குத்தான் முதலில் தெரியும். பழைய லேத்தில் அந்த இடம் கனத்த வார்ப்பிரும்பு. இதில் பல்சக்கரங்களை மூடிய பிளாஸ்டிக். நெட்டையன் பழக்கதோஷத்தில் கையை வைத்து அழுத்தினான். மூடி முட்டை ஓடுபோல் நொறுங்கியது. இரண்டு விரல்கள் உள்ளேயே தங்கிவிட்டன.

மறுநாள் முதலாளி அவன் தங்கையிடம் வந்தார். எங்களோடு துளை போடும் மெஷினில் நிற்பவள் அவள்.

"இன்னையிலேர்ந்து உங்கண்ணன் மெஷின்ல நீ நில்லும்மா. அவன் இனிமே வர வேணாம்."

"கை ஆறினதும் வருவாரு மொதலாளி."

"மூணு விரலோட வந்து என்ன, விசில் அடிக்கவா? மெஷின் மேல கை வைக்கச் சொன்னது யாரு?"

"கை வைக்காம வேலை பாக்க நாங்க என்ன மந்திரவாதியா?" என்றேன் நான்.

"பெருசு, நீ சும்மா இரு. அதுவும் லேத்து, இதுவும் லேத்து. கொஞ்சம் கொஞ்சமா வெட்டினா ஒண்ணும் ஆவாது." அவள் பக்கம் திரும்பினார். "முடியாதுன்னா நீயும் வீட்டுக்குப் போ."

வீட்டில் அண்ணன், அண்ணி, நடை பழகும் குழந்தை. நின்றால் அண்ணன் வேலையைப் பிடுங்கியவள். நிற்காவிட்டால் அடுப்பு எரியாது. அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

போய் நின்றாள். உடைந்த மூடிக்குப் பதில் முதலாளி அட்டைத்துண்டு ஒன்றைக் கட்டிவைத்திருந்தார். மெஷினில் காய்ந்திருந்த ரத்தக் கறையைப் பார்த்துக்கொண்டே ஷாஃப்டைப் பூட்டினாள். உளியைத் தலைமுடி கனத்துக்கு மட்டும் உள்ளே தள்ளினாள். இரும்பு மாவுபோல் உதிர்ந்தது.

"என்னம்மா பண்றே?"

"நீங்க சொன்னதுதான். கொஞ்சம் கொஞ்சமா."

"இப்படி வெட்டினா ஒரு ஷாஃப்டுக்கே சாயங்காலம் ஆயிடும்."

"ஆழமா வெட்டினா என்ன ஆவும்னு எங்கண்ணன் கையைக் கேளுங்க."

நான் என் உளியைப் பின்னுக்கு இழுத்தேன். பக்கத்து லேத்காரன் இழுத்தான். ஆறு மெஷினும் கொசுபோல் ரீங்காரமிட்டன.

"நெட்டையன் வேலை நெட்டையனுக்கே," என்றேன். "வைத்தியச் செலவு உங்களோடது. பெரிய லேத்து வர்றவரைக்கும் இந்த வெட்டுதான்."

முதலாளி மெயின் சுவிட்சை இழுத்தார். "எல்லாரும் வெளிய போங்க. வேற ஆளா கெடைக்காது?"

கிடைக்கும். அது எங்களுக்கும் தெரியும். வாசலில் வரிசையாய் உட்கார்ந்தோம்.

"பெரியப்பா, ஏதாச்சும் சொல்லுங்க," என்றாள் அவள். "பொய்யா இருந்தாலும் பரவால்ல."

"உங்கண்ணன் வேலைக்குத் திரும்பிடுவான்."

எதிர்ப் பட்டறையில் ஒரு லேத் நின்றது. பிறகு இன்னொன்று. மின்சாரம் போகவில்லை, அங்கே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கைகளைத் துடைத்துக்கொண்டு அந்தப் பட்டறைக் கடைசல்காரர்கள் தெருவைக் கடந்து வந்தார்கள்.

நாங்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டோம்.