காப்புரிமை முடிந்த மாதம்

ஒரு காப்புரிமை காலாவதியானதற்குக் கேக் வெட்டிய அலுவலகம் வேறெங்காவது இருந்ததா என்று தெரியாது. இங்கே வெட்டினார்கள். முதலாளி கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்த நாளுக்காக எவ்வளவு வருஷம் காத்துக்கிட்டு இருந்தோம்! இனிமே எந்தக் கஸ்டமருக்கும் சாவி வேணாம், தொல்லை விட்டுது!" என்று முழங்கிவிட்டு, முதல் துண்டை அந்தச் சாவிகளைக் கொடுத்துவந்த சாவி மேடத்திடமே நீட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு கையில் கேக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு தட்ட முடியுமோ அவ்வளவு அவளும் தட்டினாள். தொல்லை என்று அவர் சொன்னது இவளுடைய மேசையைத்தான் என்பது அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை. முதலாளி நல்ல மனுஷர்தான். யோசிக்காமல் பேசிவிட்டுப் பிறகும் யோசிக்காமல் இருக்கும் ரகம்.

அவர்கள் விற்றது இணையம் வழியாகப் பேசுகிற தொலைபேசிப் பெட்டி. ஒன்றை வாங்கி வைத்தால் ஒரு கட்டடம் முழுக்க மேசைக்கு மேசை போன் வந்துவிடும். ஆனால் அப்போதைய இணைய லைன்கள் ரொம்பவும் ஒடுக்கம். பேச்சை அப்படியே அனுப்பினால் நாலு பேர் பேசுவதற்குள் லைனுக்கு மூச்சு முட்டும். அதனால் குரலை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி அனுப்பி, மறுபக்கம் விரித்துக்கொள்ளும் முறை ஒன்று இருந்தது. அந்த முறைக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்த சொந்தக்காரர்களும் இருந்தார்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்களோ அத்தனை அனுமதி அவர்களிடம் வாங்கியாக வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக வரும் அந்த அனுமதிக்கு அலுவலகத்தில் சாவி என்று பெயர்.

சாவி மகா ரோஷக்காரி. எந்த மிஷினில் முதலில் போட்டார்களோ அந்த மிஷினின் நெட்வொர்க் கார்டைத் தவிர வேறு எதையும் ஏறிட்டுப் பார்க்காது. கார்டு பழுதாகி வேறு கார்டு போட்டால் போச்சு. மணி அடிக்கும், எடுப்பார்கள், இரண்டு பக்கமும் ஹலோ ஹலோ என்று தொண்டை கிழியக் கத்துவார்கள், ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது. முதல் தடவை புதுச் சாவியை இணையதளமே கொடுத்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு ஆளைக் கூப்பிட்டு, என்ன ஆயிற்று என்று காரணம் சொல்லி வாங்க வேண்டும். அந்த ஆள் இவள். வாங்குகிறவர்கள் வைத்த பெயர்தான் சாவி மேடம். வயது ஐம்பதை எட்டிப் பார்க்கும் இந்நேரம் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயரே மறந்துவிட்டது.

கேக் தின்று முடித்ததும் வேலை ஒன்று பாக்கி இருந்தது. வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அவள் தகவல் அனுப்ப வேண்டும்: காப்புரிமை முடிந்தது, இனி சாவி தேவையில்லை, மாதக் கடைசியில் சாவி சர்வரை அணைத்துவிடுகிறோம், அதற்குள் புது மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், போடாவிட்டால் உங்கள் போன் ஊமையாகிவிடும். அன்றைக்கு மத்தியானமே எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் ஆஸ்பத்திரிக்காரர். தூரத்து ஊர் ஒன்றில் பெரிய ஆஸ்பத்திரியின் போன் இணைப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். முதல் தடவை கூப்பிட்டபோது இடி விழுந்து கார்டு கருகியிருந்தது. ஆஸ்பத்திரியின் போன்களெல்லாம் ஊமையாகிக் கிடக்க, தன் கைபேசியிலிருந்து கூப்பிட்டவர் கத்தவும் இல்லை, அதிகாரம் பண்ணவும் இல்லை. "மேடம், இங்க பிரசவ வார்டுல ஒரு அப்பா வெளியூர்லேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு, என்ன குழந்தைன்னு சொல்ல முடியல. கொஞ்சம் சீக்கிரம் முடியுமா?" என்றார். அவள் உடனே சாவி போட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, "பொண்ணு மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்தார். வேறு எந்த வாடிக்கையாளரும் அப்படித் திரும்பக் கூப்பிட்டதில்லை.

பிறகு மிஷினுக்குள் எலி புகுந்தது. பிறகு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகி மிஷின் அறை நனைந்தது. சுவருக்கு வண்ணம் அடிக்க வந்த பெயிண்டர் ஏணியைப் பெட்டி மேல் சாய்த்தார். மாதம் ஒன்று ஏதாவது ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் அவர் கார்டின் எண்ணைச் சொல்ல, இவள் தட்டச்சு செய்து, "கொஞ்சம் இருங்க சார், சாவி வந்துக்கிட்டு இருக்கு" என்பாள். சாவி கண் இமைக்கிற நேரத்தில் வந்து திரையில் நிற்கும். அதை அவள் சொன்னதில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவருடைய மனைவி போய்ச் சேர்ந்ததும், மகள் வேறு நாட்டில் இருப்பதும், அவருக்குக் குளிர் ஆகாது என்பதும், இவள் தங்கை வீட்டில் மாடியில் இருப்பதும் எல்லாம் பேச்சில் வந்தன. நேரில் பார்த்தால் அடையாளம் தெரியாது. குரல் மட்டும் அத்துப்படி.

தங்கைக்கு இது நல்ல தீனி. "அந்த ஆஸ்பத்திரியில நோயாளிங்க குணமாகுறாங்களோ இல்லியோ, அந்த மிஷினுக்கு மட்டும் நோய் தீரவே மாட்டேங்குதே, ஏன்க்கா?"

"பழைய மிஷின்டி. உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. மாசத்துல ஒரு நாள் நீ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே படி ஏறுறது மட்டும் தெரியும்."

தகவல் அனுப்பாமல் விட்டதை அவள் தங்கையிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே கூடச் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் நேர்க்கோட்டில் செய்து பழகியவள்; ஒருவருக்கு மட்டும் விட்டுப்போனது எப்படி என்று கேட்டால் என்ன சொல்வாள்? விஷயம் இதுதான்: சாவி வேண்டாம் என்று தெரிந்துவிட்டால் அவர் கூப்பிட மாட்டார். எதற்குக் கூப்பிடுவார்? ஏற்கெனவே கடைசியாகக் கூப்பிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. கேக்குக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு தடவை அந்த மிஷின் எரிந்து தொலையக் கூடாதா என்று அவள் நினைத்ததுண்டு. ஆஸ்பத்திரி மிஷின் எரிய வேண்டும் என்று நினைக்கிறோமே, நமக்கு என்ன கேடு என்று உடனே தன்னைத்தானே வைதுகொண்டாள்.

மாதக் கடைசி நெருங்க நெருங்கச் சாப்பாடு இறங்கவில்லை. பிரசவ வார்டின் அந்த அப்பா கண்ணுக்குள் வந்து ஹலோ ஹலோ என்றார். சர்வரை அணைக்கப் போகும் அன்று காலை, மேசையில் இருந்ததையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டாகிவிட்டது. மறுநாளிலிருந்து அவளுக்குப் பழுதுப் பிரிவில் இடம். போனை எடுத்தாள். அவருடைய கைபேசி எண் மனப்பாடம்தான். ஆனால் அதற்குக் கூப்பிட்டால் இது வேறு மாதிரிப் பேச்சு ஆகிவிடும் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியின் பொது எண்ணுக்கே போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

வரவேற்பில் ஒரு பெண் எடுத்தாள். "இணைப்பகமா? அவரு வார்டுல இருக்காரு. இருங்க மேடம், தேடிப் போடுறேன்." பாட்டுப் போட்டுவிட்டாள்.

காத்திருக்கச் சொல்லிப் போடுகிற பாட்டை இவளைப் போல் கேட்டவர்கள் இருக்க முடியாது. அந்தச் சுருக்குகிற முறை மனுஷத் தொண்டையை அளந்து செய்தது. பேச்சைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. பாட்டைப் போட்டால் தொண்டையில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அவளுடைய வாடிக்கையாளர்கள் எல்லோருடைய பாட்டும் கொப்பளிப்புதான். இங்கே ஒரு வயலின் வாசித்துக்கொண்டிருந்தது. வில் தந்தியில் திரும்புகிற உரசல்கூடக் கேட்டது. ஏதோ தப்பு என்று முதலில் நினைத்தாள். பிறகு புரிந்தது. இந்த ஆஸ்பத்திரியில் குரலைச் சுருக்கவே இல்லை. சுருக்காத இடத்தில் சாவிக்கு வேலை இல்லை.

முகம் சூடாகிவிட்டது. நம்மை முட்டாளாக்கிவிட்டாரே என்று ஒரு கணம் கோபம் வந்ததும் உண்மை. வயலின் மேலே ஏறி ஏறிப் போயிற்று. கோபம் அதற்கு ஈடு கொடுக்க முடியாமல் பாதி வழியில் நின்றுவிட்டது. அட்டைப்பெட்டியைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள்.

"இணைப்பகம்," என்றது அந்தக் குரல். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"நான்தான் சார்."

அங்கே எதையோ கீழே போட்டார். "மேடமா? நீங்களா? என்ன இந்த நம்பருக்கு?"

"உங்க பாட்டு ரொம்ப நல்லா இருக்கு சார்."

"எந்தப் பாட்டு?"

"இவ்வளவு நேரம் ஓடுச்சே, அந்த வயலின். துளி பிசிறு இல்ல."

அவரும் இதே தொழிலில் தலை நரைத்தவர். விளக்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"எப்போலேருந்து சார்?"

"புது லைன் போட்டதிலேருந்து மேடம். ரெண்டு வருஷம் இருக்கும். அகலமான லைன். சுருக்க வேண்டியதே இல்ல."

"அப்போ அந்த எலி?"

"எலி நிஜம்!" என்று அவசரமாகச் சொன்னார். "இடியும் நிஜம் மேடம், சத்தியமா. தண்ணித் தொட்டிகூடக் கொஞ்சம் ஒழுகுச்சு."

"பெயிண்டர்?"

"பெயிண்டரு..." தொண்டையைச் செருமினார். "இங்க இன்னும் பெயிண்டே அடிக்கல மேடம்."

அவளுக்குச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்த வேண்டியிருந்தது. சத்தம் வராததை அவர் தப்பாக எடுத்துக்கொண்டார். "கோபமா?" என்றார், குரல் சின்னதாகி.

"காப்புரிமை முடிஞ்சுபோச்சு சார். இனிமே சாவி கிடையாது. சர்வரை இன்னைக்கு அணைக்கிறாங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்களுக்கு மட்டும் தகவல் அனுப்பாம வச்சிருந்தேன்." கடைசி வாக்கியம் அவள் சொல்ல நினைக்காதது. அதுவே வந்துவிட்டது.

"தெரியும் மேடம். இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியாதா? ரெண்டு மூணு மாசமா அதே கவலைதான். இனிமே எதைச் சொல்லிக் கூப்பிடுறதுன்னு யோசிச்சு யோசிச்சு... ஒண்ணும் தோணல. அதான் கூப்பிடாமலே இருந்துட்டேன்."

அந்த நேரம் பார்த்து மேசையை எடுக்க ஆள் வந்து நின்றார். அவள் போனைக் கையால் மூடி, நாற்காலியை முதலில் கொண்டுபோகும்படி ஜாடை காட்டினாள். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனதும் மேசை மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். அலுவலகத்தில் அப்படி உட்கார்ந்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. அந்தப் பக்கம் முதலாளி எட்டிப் பார்த்தார், பார்க்கட்டும்.

"ஒண்ணும் சொல்லாமத்தான் கூப்பிடுங்களேன்," என்றாள்.

அங்கே அவருடைய அறை வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்தது. ஒரு சக்கரம் எண்ணெய் காணாதது. அது தாண்டிப் போகட்டும் என்று அவர் பேசாமல் இருந்தார், இவளும் இருந்தாள். சுருக்காத லைனில் அந்தக் கிரீச் சத்தம் நடைவழி நெடுக, வளைவில் திரும்பி, அப்பாலும் தேய்ந்து தேய்ந்து போவது முழுதும் கேட்டது. கால்களை ஆட்டிக்கொண்டு அதைக் கடைசிவரை கேட்டாள்.

"அப்புறம் மேடம்?" என்றார் அவர்.