வைத்தியநாதனின் ரத்தத்தில் திடீர்ச் சோதனை

என் கணவர் வைத்தியநாதன் வங்கியில் இன்ஸ்பெக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மார்ச் மாதக் கடைசியில் கிளை மேனேஜர்கள் கணக்கை எப்படியெல்லாம் ஜோடிப்பார்கள் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த வித்தையைச் சொந்த ரத்தத்திலேயே காட்டுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அவர் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. பாலிகஞ்சில் எங்கள் டாக்டர் சக்ரவர்த்தி பொறுமையாக விளக்கினார். வால்வு குறுகினால் இதயம் முக்கித் தள்ள வேண்டும். அப்படித் திணறும்போது ரத்தத்தில் பி.என்.பி. என்று ஒன்று ஏறும். அது ஏறிவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்றார். இவர் காதில் விழுந்தது ஒன்றுதான்: எண் குறைந்தால் ஆபரேஷன் இல்லை.

ரத்தம் கொடுக்கும் தேதி தெரிந்ததும் வீட்டில் வருஷக் கடைசி ஆரம்பமாகிவிட்டது. உப்பில்லாத ரசம், உப்பில்லாத கூட்டு. மாடிப்படி இறங்குவதே இல்லை. மகாவிஷ்ணு மாதிரி கட்டிலில் கிடந்தார். காலடியில் உட்கார வேண்டிய லக்ஷ்மி அடுப்படியில் வெந்துகொண்டிருந்தாள்.

எண் நன்றாகவே வந்தது. சில மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அன்றைக்கே இவர் அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் திரும்பிவிட்டார்.

துர்கா பூஜை வந்தது. பந்தல் பந்தலாகப் போய், கிச்சுரி போக் என்று அம்மனுக்குப் படைத்த கிச்சடியை வாங்கிச் சாப்பிட்டார். வீடு திரும்பினால் இரண்டு மாடி ஏறுவதற்குள் பாதியில் நின்றுவிடுவார். கேட்டால், கீழ்வீட்டு முகர்ஜி தாதாவோடு பேசிக்கொண்டிருந்தாராம். தாதா ஊரிலேயே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இந்த மனிதர் நல்ல எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவார் என்று பட்டது.

பூஜை முடிந்த வாரம், அவரிடம் மூச்சு விடாமல் லேபுக்குப் போன் செய்தேன். மார்க்கெட்டிலிருந்து பையோடு வந்தவர், சோபாவில் ஊசியோடு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னடி இது, சொல்லாம கொள்ளாம?"

"சொல்லிட்டு வந்தா அது இன்ஸ்பெக்ஷனான்னு நீங்கதானே கேப்பேள்? கையை நீட்டுங்கோ."

நீட்டினார். எண் பழையதைப்போல் மூன்று மடங்கு வந்தது.

டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் மேஜையில் வைத்து, எதை நம்புவது என்று கேட்டார். பூஜைச் சாப்பாடு, அலைச்சல் என்று இவர் ஆயிரம் சாக்குச் சொல்வார்; அங்கேயே ஒரு கை பார்த்துவிடலாம் என்று தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். இவரோ முதல் ரிப்போர்ட்டைத் தள்ளிவைத்தார். அது ஜோடித்தது, இரண்டாவதுதான் நிஜம், ஆபரேஷனுக்கு நாள் குறியுங்கள் என்று டாக்டரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பயந்துண்டுதான் அப்படிப் பண்ணினேன், ஜகதா. நீ பண்ணினதுதான் சரி."

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்கக் காத்திருந்தேன். கேட்டபோது எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. டாக்டர் முன்னால் விக்கி விக்கி அழுதேன்.